பாம்பாஸ் புல் பழுப்பாவது ஏன்? இலையை விட்டுவிட்டு தூரைப் பாருங்கள்

ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, வெள்ளை வெளேரென்று கதிர் விட்டு நின்ற பாம்பாஸ் புல் வைக்கோல் நிறத்துக்கு மாறத் தொடங்கினால், பலரும் முதலில் எடுப்பது தண்ணீர்க் குழாயைத்தான். மண் காய்ந்திருந்தால் அது சரியான வைத்தியம். வேர் அழுகிக்கொண்டிருந்தால் அதே தண்ணீர் செடியை முடித்துவிடும். இரண்டு நிலையிலும் இலையின் நிறம் ஒன்றாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு, எந்தக் கோளாறும் இல்லாத செடியும் வருடத்தில் சில மாதங்கள் இதே நிறத்தில் நிற்கும்.

ஆகவே நிறத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. பழுப்பு எந்த இடத்தில் தொடங்கியது, எந்தப் பருவத்தில் வந்தது, தூர் கெட்டியாக இருக்கிறதா என்ற மூன்றும் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

இந்தப் புல் வளரும் விதம்

பாம்பாஸ் புல்லின் தாவரவியல் பெயர் கோர்ட்டடேரியா செல்லோவானா. அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில் உள்ளிட்ட தென்னமெரிக்கப் பகுதிகள் இதன் தாயகம். நெல்லும் கரும்பும் மூங்கிலும் சேர்ந்த புல் குடும்பம்தான் இதற்கும். கதிரோடு சேர்த்து 2 முதல் 3 மீட்டர் வரை சாதாரணமாக வளரும். 'பூமிலா' என்ற குட்டை ரகம் ஒன்றரை மீட்டர் அளவில் நின்றுவிடும். பழுப்பு நிறத்தைப் புரிந்துகொள்ள இதன் வளர்ச்சியில் நான்கு விஷயங்கள் தெரிந்தால் போதும்.

1. இலை அடியிலிருந்து வளர்கிறது. புது இலைப்பகுதி கீழே உருவாகி, பழையதை மேலே தள்ளிக்கொண்டே போகும். அதனால் நுனிதான் ஓர் இலையின் மூத்த பகுதி, வேரிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதும் அதுதான். தண்ணீர் குறைந்தாலும் உப்பு கூடினாலும் முதலில் கருகுவது நுனி. கருகிய பகுதி மறுபடி பச்சையாகாது. செடி தேறிவிட்டதா என்பதைப் புதிதாக வரும் குருத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

2. உயிர் இருப்பது தூரில். வேரும் குருத்துகளும் சேரும் கெட்டியான அடிப்பகுதி அது, மண்மட்டத்தை ஒட்டி இருக்கும். இலைகள் மொத்தமும் காய்ந்தாலும் தூர் நன்றாக இருந்தால் புல் திரும்பத் தழைக்கும். தூர் கெட்டுப்போனால் மேலே எவ்வளவு பச்சை மிச்சம் இருந்தாலும் அது கொஞ்ச நாள் கணக்கு.

3. காய்ந்த இலை தானாக உதிராது. கரும்பில் சோகை தொங்குவது போலவே இதிலும் பழைய இலைகள் காய்ந்து தூரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அடிப்பக்கத்தில் அவை, தச்சர் இழைப்புளி போடும்போது விழும் மரச்சுருளைப் போலச் சுருண்டு சுருண்டு கிடக்கும். நியூசிலாந்தில் இதே சாயலில் 'தோய்தோய்' என்ற உள்ளூர்ப் புல் உண்டு. அதன் காய்ந்த இலைகள் இப்படிச் சுருளாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அங்கே இந்தச் சுருளைத்தான் முக்கியமான அடையாளமாகச் சொல்கிறார்கள். அதாவது, அடியில் பழுப்புச் சுருள் கிடப்பது இந்தச் செடியின் பிறவிக் குணம்.

4. வேர் ஆழமானது. நன்கு நிலைத்த செடியின் வேர் மூன்று மீட்டருக்கும் கீழே போகக்கூடியது. நிலைத்த செடி வறட்சியைத் தாங்குவதும், அதே செடி தொட்டிக்குள் திணறுவதும் இதனால்தான்.

பழுப்பு எங்கே தொடங்கியது?

செடிக்கு முன்னால் நின்று மொத்தமாகப் பார்ப்பதில் பயன் இல்லை. கையுறை போட்டுக்கொண்டு இலைகளை விலக்கி, உள்ளே பார்க்க வேண்டும்.

1. அடி இலைகளும் உள்பக்க இலைகளும் மட்டும் பழுப்பு, வெளியே வளைந்து நிற்கும் இலைகள் பச்சை: இயல்பான முதுமை. செடி பழைய இலைகளிலிருந்து சத்தை இழுத்துப் புது இலைகளுக்குக் கொடுத்துவிட்டு, பழையதைக் காயவிடுகிறது. சோகையைக் களைவதைத் தவிர வேறு வேலை இல்லை.

2. எல்லா இலைகளிலும் நுனி மட்டும் பழுப்பு: தண்ணீர்ப் பற்றாக்குறை, உப்பு, அதிக உரம் ஆகியவற்றில் ஒன்று. வெயில் நேரத்தில் இலை நீளவாக்கில் உள்பக்கமாகச் சுருண்டு குழல்போல நின்றால் தண்ணீர்ப் பற்றாக்குறைக்கு வாய்ப்பு அதிகம்.

3. செடியின் ஒரு பக்கம் மட்டும் பழுப்பு: காரணம் வெளியே இருக்கிறது. அந்தத் திசையிலிருந்து வரும் அனல் காற்று, பக்கத்துச் சுவரின் சூடு, ஏர் கண்டிஷனரின் வெப்பக்காற்று, அடித்துவந்த களைக்கொல்லித் தூறல் என்று தேட வேண்டும்.

4. சுற்றிலும் பச்சை, நடுவில் மட்டும் வெறுமை: வயதான தூர். இதைப் பிறகு பார்க்கலாம்.

5. முதலில் மஞ்சளாகி, அப்புறம் அடியிலிருந்து பழுப்பு ஏறி, நடுக்குருத்தும் வாடுகிறது: இதுதான் கவலைப்பட வேண்டிய நிலை. வேர் அல்லது தூர் அழுகலாக இருக்கலாம்.

இலையில் அங்கங்கே புள்ளியாகவோ, தேய்த்தால் கையில் ஒட்டும் துருத் தூளாகவோ பழுப்பு தெரிந்தால் அது பூஞ்சை நோயின் பக்கம் போகும். இந்தப் புல்லில் அது அபூர்வம்.

தூரைச் சோதிப்பது

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. நான்கைந்து காய்ந்த இலைகளை ஒன்றாகப் பிடித்து, பக்கவாட்டில் சாய்த்து இழுத்துப் பாருங்கள். நல்ல தூரில் இலையடிகள் விடாப்பிடியாக நிற்கும். வந்தாலும் காய்ந்த உறை மட்டும் கிழிந்து வரும். கெட்ட தூரில் கொத்தாகக் கழன்று வந்துவிடும், வந்த இடத்தின் அடி பழுப்பாக, ஈரமாக, கொழகொழவென்று இருக்கும்.

அடுத்து ஒரு கத்தியால் வெளிப்பக்கக் குருத்து ஒன்றை மண்மட்டத்தில் அறுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ, கரும்புக் குருத்தின் அடியைப் போலக் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்து, தேங்கிய சாக்கடை நாற்றம் அடித்தால் அந்தக் குருத்து போய்விட்டது. ஒரே இடத்தை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். தூரைச் சுற்றி நான்கு திசையிலும் ஒவ்வொன்று அறுத்துப் பார்ப்பது நல்லது. ஒரு பக்கம் செத்து மறுபக்கம் பிழைத்திருப்பது சகஜம்.

முழுக்கக் காய்ந்து, நாற்றமும் இல்லாமல் ஈரமும் இல்லாமல் உடையும் தூர், வறட்சியில் செத்தது. அழுகல் என்றால் ஈரம் இருக்கும்.

தண்ணீர்: ஒரே அறிகுறிக்கு இரண்டு எதிரெதிர் காரணங்கள்

பாம்பாஸ் புல்லைக் காப்பாற்றப் போய்க் கொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அதே அளவு காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் எப்போதும் தண்ணீரே நிரம்பி நின்றால், வேர் மூச்சுமுட்டிப் போகும். மூச்சுமுட்டிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. செடி தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் வாடும். இலையில் தெரிவது வறட்சியின் அறிகுறிதான், ஆனால் காரணம் வெள்ளம். பார்ப்பவர் மேலும் தண்ணீர் விடுகிறார், அழுகல் நுண்ணுயிரிகளுக்கு அதுவே வசதியாகிவிடுகிறது.

எனவே குழாயைத் திறப்பதற்கு முன் மண்ணைப் பார்க்க வேண்டும்.

1. தூரிலிருந்து ஒரு முழம் தள்ளி, 15 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டி ஒரு பிடி மண் எடுங்கள். பிடித்தால் உருண்டையாகாமல் உதிர்ந்துபோனால் மண் காய்ந்திருக்கிறது. உருண்டையாகி, அழுத்தினால் நீர் கசிந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது. மேல்மண் காய்ந்து வெடித்திருந்தாலும் கீழே சேறாக இருக்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் இது தெரியாது.

2. வடிகாலில் சந்தேகம் இருந்தால், அருகில் 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் மறுநாள் காலையிலும் நின்றால் அந்த இடம் இந்தப் புல்லுக்கு ஏற்றதல்ல.

3. மண் காய்ந்திருந்தால் ஆழமாகத் தண்ணீர் விட்டு, அப்புறம் நன்றாக இடைவெளி கொடுங்கள். தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் வேரும் மேலேயே தங்கிவிடும், முதல் வெயிலிலேயே நுனி கருகும்.

4. ஈரம் மிஞ்சியிருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். தூரின் மேல் குவிந்திருக்கும் மண்ணையும் மூடாக்கையும் விலக்கி, காற்றுப் படவிடுங்கள். அழுகிய குருத்துகளை வெட்டி எடுங்கள். களிமண் இடமாக இருந்தால் மேடு கட்டி அதில் மாற்றி நடுவதுதான் நிலையான தீர்வு.

நிலைத்த செடிக்கு, நீண்ட வறட்சிக்காலம் தவிர, தனியாக நீர் பாய்ச்சத் தேவையே வராது. முதல் வருடச் செடியின் கதை வேறு. வேர் இன்னும் நாற்றுப்பையின் அளவிலேயே இருப்பதால் சுற்றியுள்ள மண் ஈரமாக இருந்தாலும் வேர்ப்பந்து மட்டும் காய்ந்துகொண்டிருக்கும். நட்ட சில வாரங்களில் வெளி இலைகள் சில பழுத்துக் காய்வது இடம் மாறிய அதிர்ச்சி. குருத்து பச்சையாக இருக்கும்வரை பயம் இல்லை.

தொட்டிச் செடி பாதிப் பழுப்பாகவே இருந்தால், தொட்டியைச் சாய்த்துச் செடியை உருவிப் பாருங்கள். மண்ணே தெரியாமல் வேர் வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தால் ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து வெளியே போய்விடுகிறது என்று பொருள். பெரிய தொட்டியோ தரையோதான் இதற்குப் பதில். பெரிய ரகங்களைத் தொட்டியில் வைப்பது ஆரம்பத்திலேயே தவறான யோசனை.

உரம், உப்பு, களைக்கொல்லி

ஏழை மண்ணிலும் வளரக்கூடிய புல் இது. வளரும் பருவத்தின் தொடக்கத்தில் கொஞ்சம் மக்கிய உரமோ சமச்சீர் உரமோ போட்டால் போதும். யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலை தளதளவென்று வளர்ந்து சாயும், கதிர் குறையும். தூரை ஒட்டி உரத்தைக் குவித்தால், மண்நீரில் உப்பின் அடர்த்தி கூடி, வேர் உறிஞ்ச முடியாமல் நுனியும் ஓரமும் கருகும். இப்படி நடந்துவிட்டால், வடிகால் உள்ள மண்ணில் ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்கலாம்.

களைக்கொல்லி விஷயத்தில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. பூச்செடிப் பாத்திகளில் அடிக்க, 'புல்லை மட்டும் கொல்லும்' மருந்துகள் விற்கிறார்கள். அகன்ற இலைச் செடிகளுக்கு அவை ஒன்றும் செய்யாது. ஆனால் பாம்பாஸும் புல்தான்! இந்த வகை மருந்து பட்டால் வளர்முனை செத்து, நடு இலை இழுத்ததும் அடியோடு உருவிக்கொண்டு வரும், அதன் அடி பழுப்பாக இருக்கும். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி பட்டிருந்தால் ஓரிரு வாரங்களில் குருத்துகள் வெளிறி மஞ்சளாகி, பின்பு காயும். லேசாகப் பட்ட செடி தேறிவிடலாம். மாற்று மருந்து கிடையாது, காத்திருப்பதுதான் வழி.

பூச்சிகள் பெரிய தலைவலி இல்லை. வறண்ட சூட்டில் செம்பேன் வந்தால் இலையில் வெளிர்ப்புள்ளிகள் தோன்றும், சில சமயம் அசுவினி ஒட்டும். இரண்டுக்கும் அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சினால் போதும்.

குளிர்ப் பருவத்தின் பழுப்பு

குளிர் கடுமையான ஊர்களில் குளிர்காலம் நெருங்கும்போது வளர்ச்சி நின்று இலைகளில் பெரும்பகுதி வைக்கோல் நிறமாகும். இது சாவு இல்லை, உறக்கம். வடிகால் நன்றாக இருந்தால் நிலைத்த தூர் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரையான குளிரைத் தாங்கும். ஆபத்து குளிரும் ஈரமும் சேரும்போதுதான். தூருக்குள் தேங்கிய நீர் உறைந்தால் நல்ல குருத்தும் கெடும். காய்ந்த இலைகள் அந்த நேரத்தில் தூருக்குக் கூரையாக நிற்கின்றன. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று குளிருக்கு முன்பே வெட்டிவிட்டால் அந்தக் கூரை போய்விடும்.

குளிர் அதிகம் இல்லாத ஊர்களில் இந்தப் புல் முழுதாக உறங்காது. அங்கே பச்சையும் பழுப்பும் வருடம் முழுவதும் கலந்தே இருக்கும்.

எப்போது, எப்படி வெட்டுவது

குளிர் முடிந்து புதுக்குருத்து கிளம்பும் முன் வெட்ட வேண்டும். வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை, தென் அரைக்கோளத்தில் ஆகஸ்ட், செப்டம்பர். உறக்கம் இல்லாத ஊர்களில் கதிர் முடிந்த பிறகு, கடும் வெயில் இல்லாத நாட்களாகப் பார்த்துச் செய்யலாம்.

வெட்டும் முன் உடையைக் கவனியுங்கள். இலை விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காப் பற்கள் வரிசையாக இருக்கும். நுனியிலிருந்து அடிப்பக்கமாக விரல் ஓடினால் ரம்பம் போலக் கிழிக்கும். துணிக் கையுறை போதாது, தோல் கையுறை வேண்டும். முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை, கண்ணுக்குக் கண்ணாடி இவை இல்லாமல் கிட்டே போக வேண்டாம்.

1. முதலில் புதரை ஒரு குச்சியால் தட்டுங்கள். உள்ளே கூடோ, பதுங்கிய பிராணியோ இருக்கலாம்.
2. இடுப்புயரத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். வெட்டியதும் கட்டாகவே விழும், குப்பை பரவாது.
3. தரையிலிருந்து 30 செ.மீ. விட்டு வெட்டுங்கள். 15 செ.மீ.க்குக் கீழே போனால் வளர்முனை சேதமாகும்.
4. தூருக்குள் புதுக்குருத்து எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தால் வெட்ட வேண்டாம். கையுறைக் கையால் அல்லது முள்வாரியால் சீவி, காய்ந்ததை மட்டும் உருவி எடுங்கள்.

தீ வைத்துச் சுத்தம் செய்யும் பழக்கம் ஒன்று உண்டு. எரித்த பிறகும் புல் தழைத்ததைப் பார்த்தவர்கள் அதைச் சிபாரிசு செய்வார்கள். காய்ந்த சோகை நொடியில் பற்றி உயரமாக எரியும். தூருக்குள் அமுங்கிய குப்பை வெகுநேரம் கனன்றுகொண்டே இருந்து வளர்முனைகளைச் சுட்டுவிடும். பக்கத்து வேலி, மின்கம்பி, உள்ளே கூடு கட்டிய பறவை எல்லாம் கணக்கில் வராது. வெட்ட அரை நாள் ஆகும் என்பதற்காக இந்த ஆபத்தை எடுப்பதில் அர்த்தமே இல்லை. சோகையைப் பல வருடம் களையாமல் விட்டால் யாரும் தீ வைக்காவிட்டாலும் அது எரிபொருள் குவியல்தான். காட்டுத்தீ வரும் பகுதிகளில் வீட்டை ஒட்டி இதை வைக்கக்கூடாது.

நடு வெறுமையான தூர்

புல் வெளிப்பக்கமாகத்தான் தூர் கட்டிக்கொண்டு போகும். வருடங்கள் கழித்துப் பார்த்தால் உயிருள்ள குருத்துகள் வளையம்போலச் சுற்றி நிற்க, நடுவில் செத்த அடிக்கட்டைகள் மட்டும் இருக்கும். அங்கே உரம் போட்டாலும் தண்ணீர் விட்டாலும் ஒன்றும் முளைக்காது. வசந்தத்தில் புல்லை வெட்டிவிட்டு, கூர்மையான மண்வெட்டியாலோ ரம்பத்தாலோ வெளிவளையத்திலிருந்து துண்டுகள் எடுத்து நட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் நல்ல வேரும் ஐந்தாறு குருத்துகளும் இருக்கட்டும். நடுக்கட்டையைத் தோண்டி எறிந்துவிடலாம்.

காப்பாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி

பழுப்பைச் சரிசெய்து மறுபடி கதிர் விட வைப்பது எல்லா இடத்திலும் நல்ல காரியம் அல்ல. நியூசிலாந்தில் இதை விற்பதும் பெருக்குவதும் தடை. ஸ்பெயின், போர்ச்சுகல், தென்னாப்பிரிக்கா ஆகியவற்றில் ஊடுருவும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 1870களில் அலங்காரக் கதிருக்காகப் பயிரிட்டார்கள். இன்று அதே மாநிலத்தின் கடற்கரைகளில் இது களை.

காரணம் விதை. இந்த இனத்தில் சில செடிகள் பெண், மற்றவை இருபால். பெண் கதிர் பட்டுப்போன்ற மயிர் அடர்ந்து அழகாக இருப்பதால் நாற்றுப்பண்ணைகளில் அதற்குத்தான் மதிப்பு. தனியாக நிற்கும் பெண் செடி விதை பிடிப்பது குறைவு. அருகில் இருபால் செடி ஒன்று வந்துவிட்டால் கதை மாறும், லட்சக்கணக்கில் விதை பிடித்துக் காற்றில் வெகுதூரம் போகும். இதன் நெருங்கிய உறவான கோர்ட்டடேரியா ஜுபாட்டா இன்னும் ஒரு படி மேல்: மகரந்தமே இல்லாமல் விதை கொடுக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் பெயர் மாறி விற்பதும் நடக்கிறது.

உங்கள் பகுதியில் தடை இருந்தால் செடியைக் காப்பாற்றும் கேள்வியே எழாது. தடை இல்லாவிட்டாலும், கதிர் முழுதாக விரிந்து உதிரத் தொடங்கும் முன் அறுத்துவிடுவது நல்லது. அறுத்த கதிரை உரக்குழியில் போடாமல், பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

செத்துவிட்டது என்று எப்போது முடிவு செய்யலாம்?

வெட்டிய பிறகு, சூடு வந்து மற்றப் புற்கள் எல்லாம் தழைத்தும் இதில் ஒரு குருத்தும் வரவில்லை என்றால் தூரைச் சுற்றி மறுபடி அறுத்துச் சோதியுங்கள். எங்கும் வெள்ளை தெரியவில்லை என்றால் தோண்டி எடுத்துவிடலாம். பெரிய தூர் மண்வெட்டிக்கு அடங்காது, கோடரியால் துண்டாக்கிக் கடப்பாரையால் நெம்ப வேண்டும். ஆழத்து வேர்களை விட்டுவிடலாம், தூர்ப்பகுதி இல்லாமல் அவை தழைக்காது. எடுத்த துண்டுகளில் உயிர் இருந்து ஈரமண்ணில் கிடந்தால் மறுபடி வேர் பிடிக்கும் என்பதால், வேர்ப்பக்கம் மேலே பார்க்கக் கவிழ்த்து வெயிலில் காயவிடுங்கள். அழுகலில் செத்த இடமென்றால் வடிகாலைச் சரிசெய்யாமல் அதே குழியில் இன்னொரு பாம்பாஸை வைக்க வேண்டாம். பழைய செடி விதை உதிர்த்திருந்தால், அடுத்த ஓரிரு வருடங்களுக்கு அந்த இடத்தில் முளைக்கும் மெல்லிய புல் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். வேர் இறங்கிவிட்டால் கையால் வராது.